மதகடியில் நின்ற கார்

சுன்னாகம் சந்தியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்குள் சோமசேகரத்துக்கு ஒரு தனிப்பேர் உண்டு. பிள்ளை பெற்றவளை ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர் அவரைத்தான் தேடுவார்கள். பள்ளம் திட்டி பார்த்துப் பூப்போல ஓட்டுவார். வீட்டுப் படலையடிக்கு வந்ததும் ஹோர்ன் அடிக்கமாட்டார். இறங்கிப் போய்ச் சொல்லுவார். அவருடைய பழைய மொறிஸ் ஒக்ஸ்போட் காரின் பின்சீற்றில் வீடு வந்து சேர்ந்த பிள்ளைகளில் சிலர் வளர்ந்து, கலியாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளையும் அதே சீற்றில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவருடைய சொந்தப் பேத்தி மட்டும் அதில் வரவில்லை.

அன்று விடியவே எழும்பிக் காரைக் கழுவினார். சீற்றுக்கு வெள்ளை விரிப்புப் போட்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காற்றுப் பிடிக்க வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சிகரெட் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வாசலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நின்றார். மகள் ஆரபி குழந்தையைத் துவாயில் சுற்றி அணைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். பின்னால் அவருடைய மனைவி கமலாவதி பைகளோடும் பாயோடும், மருமகன் கோபிசங்கர் சுடுதண்ணீர்ப் போத்தலோடும் வந்தார்கள். சோமசேகரம் கதவைத் திறந்து பிடித்தார்.

ஆரபி கதவடி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"அப்பா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையை நான் இதுக்கை ஏத்தமாட்டன்."

"விடிய எழும்பினதிலை இருந்து நான் ஒரு சிகரெட்டும் பத்தேல்லை, பிள்ளை."

"நீங்கள் பத்தேல்லை அப்பா. கார் பத்துது."

கோபத்தோடு சொன்னதாகவும் இல்லை. நடக்கிறதுக்கே களைத்துப்போய் நின்றவள், உள்ளதைச் சொன்னாள். கோபிசங்கர் நிலத்தைப் பார்த்தான். அவனுடைய கூட்டாளியின் கார் ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றது. அதையும் ஆரபிதான் முதலே சொல்லி ஒழுங்குபடுத்தியிருந்தாள் என்பது சோமசேகரத்துக்கு அப்போது விளங்கியது. அவர்கள் அதில் ஏறினார்கள். பைகளையும் பாயையும் மட்டும் தன் காரில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் போனார். மருமகன் வீடு இருந்த உடுவில் வரைக்கும் முன்னால் போன காரின் பின்கண்ணாடியில் மகளின் தலை தெரிந்தது. அது அடிக்கடி குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டே போனது. மருதனார்மடத்துக்குக் கிட்ட வரும்போது அவருடைய கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போயிற்று. பை வெறுமையாக இருந்தது.

சோமசேகரத்துக்குச் சிகரெட் பழக்கின மனிதர் இன்னாசித்தம்பி என்கிற லொறிக்காரர். சுன்னாகம் சந்தையிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடின லொறியில் சோமசேகரம் இளந்தாரியாக உதவிக்குப் போனார். பக்கத்தில் இருக்கிறவன் நித்திரை தூங்கினால் சாரதிக்கும் தூக்கம் வந்துவிடும் என்று, இன்னாசித்தம்பி தான் பற்றவைத்ததைப் பாதியில் இவருக்கு நீட்டுவார். முதல் தரம் இருமிக் கண்ணீர் வந்தது. பிறகு வவுனியா தாண்டும் வேளைக்கு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார். யுத்தத்தில் பாதை பூட்டின காலத்தில் லொறி ஓட்டம் நின்றது, சிகரெட் நிற்கவில்லை.

கமலாவதியைக் கலியாணம் முடித்த பிறகுதான் இந்தக் காரை வாங்கினார். பெற்றோல் இல்லாத காலம் அது. காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். கார் புகைத்துக்கொண்டு போகும். உள்ளே இவரும் புகைத்துக்கொண்டு போவார். சிகரெட் கிடைக்காத மாதங்களில் சுருட்டைப் பிடித்தார். ஊர் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது இந்தக் காருக்குள் எத்தனையோ பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் புகையைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த நேரத்தில் மூச்சு விடுவதே பெரிய காரியமாக இருந்தது.

அவருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். வலக்கையைக் கண்ணாடிக்கு வெளியே விட்டுக்கொண்டு பற்றினால் புகை உள்ளே வராது. வாடகைக்கு ஏறுகிறவர்கள் முகம் சுளித்தால் இதைத்தான் சொல்லுவார். தன் மகளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் கை வெளியேதான் இருந்தது.

ஆரபிக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு வருத்தம். மாரி தொடங்கினால் நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம் கேட்கும். ஒரு தரம் கடுமையாக இழுத்துவிட்டது. தாயின் மடியில் அவளைக் கிடத்திக்கொண்டு தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் காரை விரட்டினார். பின்னால் பிள்ளை மூச்சுக்கு அவதிப்பட, அவருக்குக் கை கால் பதறியது. ஸ்ரியறிங்கைப் பிடிக்க முடியவில்லை. அப்போதும் ஒன்றைப் பற்றவைத்துத்தான் கையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். மழைக்காற்று, வெளியே நீட்டின கையிலிருந்த புகையை அப்படியே பின்சீற்றுக்குத் தள்ளியது. கமலாவதி தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள். ஆசுபத்திரியில் முகத்தில் குழாய் பொருத்தி மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு வந்தது. வளர்ந்த பிறகு ஆரபிக்கு வருத்தம் குறைந்தது. ஆனால் அந்தப் பயணத்தை அவள் மறக்கவில்லை என்று சோமசேகரத்துக்குத் தெரியும். பயத்தில் பற்றினேன் என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அது நியாயமாகக் கேட்குமா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் ஊர் வழக்கம். ஆரபி வரவில்லை. அந்த வீட்டுச் சுவரிலும் திரைச்சீலையிலும் காருக்குள் இருக்கும் அதே மணந்தான். கமலாவதி உடுவிலுக்குப் போய் மகளோடு நின்றாள். மகளுக்குப் பத்தியச் சரக்கு அரைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும். சோமசேகரம் சுன்னாகத்தில் தனியே கடைச் சாப்பாட்டோடு இருந்தார். உடுவில் கூப்பிடுதூரம். ஒரு வாடகை ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் போய்விட்டு வரலாம். ஆனால் கடல் கடந்து இருக்கிறவரைப் போல, பேத்தியின் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. குளித்து, உடுப்பு மாற்றி, பற்றாமல் வந்தால் தூக்கலாம் என்று கமலாவதி சொல்லியிருந்தாள். முதல் தரம் அப்படியே போனார். ஆரபி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். பஞ்சுப் பொதியைப் போலச் சூடாக இருந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று குனிந்தபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது. காலையில் வழக்கமாக வரும் இருமல். தொடங்கினால் அடிவயிற்றிலிருந்து வரும். ஆரபி எழும்பி வந்து குழந்தையை வாங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் திரும்பவும் போயிருப்பார்.

அதன் பிறகு அவர் படலையைத் திறக்கவில்லை. மகளின் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறுகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. பக்கத்தில் ஒரு வேம்பு. அதன் கீழே காரை நிறுத்தினால் கோபிசங்கர் வீட்டு முற்றத்தின் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டில் உடுப்புக் காயும் கொடி இருந்தது. பின்னேரங்களில் அதில் சின்னச் சின்னச் சட்டைகளும் துணிகளும் காற்றில் ஆடும். கமலாவதி வந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போடுவாள். சில நாட்களில் குழந்தை அழுகிற சத்தமும் கேட்கும். சோமசேகரம் காருக்குள் இருந்தபடி அதைக் கேட்பார். குரல் பலத்திருக்கிறதா, நேற்றைப் போலவா என்று காது கொடுப்பார். பிறகு சத்தம் அடங்கிவிடும். யாரோ தூக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். அந்த நேரத்தில் தன் கைகள் இரண்டும் வெறுமையாக இருப்பது தாங்கமுடியாமல் ஒன்றைப் பற்றவைப்பார். முடிந்ததும் அடிக்கட்டையைக் கண்ணாடிக்கு வெளியே சுண்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். இருள முன்னம் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மதகுக்கு அங்காலே நல்லம்மா என்கிறவளின் வீடு. அவள் தன் படலையடியைத் தினமும் கூட்டுகிறவள். வேம்படியில் சிகரெட் அடிக்கட்டைகள் குவிவதைக் கண்டு, இளந்தாரிப் பெடியள் கூடி நிற்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். மதகுக்குள் தண்ணீர் போகிற வழியையும் அவை அடைத்திருந்தன. அவளுடைய கோழி அடிக்கட்டை ஒன்றைக் கொத்தித் தின்றதாம். ஒரு நாள் கோபிசங்கர் வேலைக்குப் போகும்போது மறித்து, பெம்பிளைப் பிள்ளைகள் போய்வருகிற ஒழுங்கையில் இப்படி நடந்தால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்று சத்தம் போட்டாள். கோபிசங்கர் தான் பார்த்துச் சொல்லுவதாகச் சமாதானம் பண்ணினான். வயரிங் வேலைக்குப் போகிறவன். அன்று கொஞ்சம் வெள்ளனத் திரும்பி, மோட்டார் சைக்கிளை நல்லம்மா வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேம்படிக்கு நடந்து வந்தான்.

அங்கே தன் மாமனாரின் கார் நின்றது. பின்பக்கமாக வந்தவனைச் சோமசேகரம் காணவில்லை. அவர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே தொங்கின கையில் சிகரெட் கருகிக்கொண்டிருந்தது. காருக்குக் கீழே நிலம் முழுக்க மண்ணிற அடிக்கட்டைகள்.

"மாமா," என்று கோபிசங்கர் கூப்பிட்டான்.

சோமசேகரம் திடுக்கிட்டுச் சிகரெட்டை விட்டுவிட்டார். இறங்கி நின்றார். ஒரு ஓட்டம் வந்தது, இந்தப் பக்கம் ஆளை இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன் என்று சொல்லத் தொடங்கினார். கோபிசங்கர் நிலத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றான். முடியவில்லை. அவன் பார்ப்பதைக் கண்டு சோமசேகரமும் பார்த்தார். அங்கே கிடந்தவை ஒரு நாளில் விழுந்தவை அல்ல என்று யாருக்கும் தெரியும்.

"வீட்டை வாங்கோ மாமா. ஏன் தெருவிலை நிக்கிறியள்?"

"இல்லைத் தம்பி. நான் வந்தால் அவளுக்குக் கரைச்சல். நீங்கள் சொல்லாதேங்கோ."

அவர் குனிந்து அடிக்கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். குனிந்ததில் மூச்சு வாங்கியது. கோபிசங்கரும் குந்தி இருந்து பொறுக்கினான். மாமனாரும் மருமகனுமாக வேம்படி மண்ணையும் மதகு வாயையும் கிளறிப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டார்கள். நல்லம்மா படலைக்குள் நின்று பார்த்தாள். ஆளை அடையாளம் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

கோபிசங்கர் சொல்லாமல் இருக்கவில்லை. அன்று பொழுதுபட ஆரபியின் அழைப்பு வந்தது. சோமசேகரம் ஓம், ஓம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக நின்றீர்கள் என்று கேட்டாள். குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும் தொலைபேசிக்குள் கேட்டது.

"பிறந்து முப்பத்தொண்டு நாள் முடியப் பண்டத்தரிப்புக் கோயிலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகவேணும் அப்பா. நீங்கள்தான் கொண்டுபோகவேணும். ஆனா உங்கடை காரிலை இல்லை."

அதற்கு இன்னும் கொஞ்ச நாட்கள் இருந்தன. சோமசேகரம் சிகரெட் பெட்டியைக் கிணற்றடிக் குப்பைக் கிடங்கில் எறிந்தார். மறுநாள் காலை போய்க் கிளறி எடுத்தார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கராம்பு சப்பினார். தேத்தண்ணீர் குடித்தார், தேத்தண்ணீர் குடித்தால் அதற்குப் பிறகு ஒன்று வேண்டும் என்று உடம்பு கேட்டது. சந்தியில் மற்றச் சாரதிகள் நின்று புகைக்கிற இடத்தை விட்டு ஒதுங்கினார். நெஞ்சுக்குள் யாரோ ஒரு கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இழுப்பது போல இருந்தது. எதற்கும் எரிச்சல். வாடகைக்கு வந்த ஒரு மனுசனோடு சண்டையும் பிடித்தார். ஒரு நாள் பற்றாமல் இருப்பார். அடுத்த நாள் தோட்ட வெளியில் காரை நிறுத்தி, இறங்கித் தூரமாகப் போய் நின்று ஒன்றைப் பற்றிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் முகம் கை கழுவிக்கொண்டு வருவார். காருக்குள் மட்டும் திரும்பப் பற்றவில்லை.

மகள் சொன்னாலும் காரை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. கழுவி எடுத்துவிட்டால் அவள் மனம் மாறலாம் என்று ஒரு ஆசை. சீற்றுகளைக் கழற்றி முற்றத்து வெயிலில் போட்டார். றெக்சினின் மடிப்புகளுக்குள் பழைய சாம்பல் பசையாக ஒட்டியிருந்தது. கூரைத் துணி ஒரு காலத்தில் பால் நிறம். இப்போது பழுத்த வாழையிலை நிறம். சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலையும் சவர்க்காரத்தையும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. எத்தனை வாளி ஊற்றினாலும் வடிந்துகொண்டே இருந்தது. கடைசியில் சந்தியில் கூட ஓடுகிற ஜெயசுதனைக் கூப்பிட்டு, உள்ளே தலையை விட்டு மணந்து பார்க்கச் சொன்னார். ஜெயசுதன் சிகரெட் தொடாதவன். தலையை விட்டான், எடுத்தான்.

"அண்ணை, பொய் சொல்லேலாது. மணக்குது."

பிறகு தானாகவே தன் காரின் திறப்பைச் சாவி வளையத்தோடு நீட்டினான். புதுசாக எடுத்த சின்ன வெள்ளைக் கார். கோயில் அலுவலுக்குத்தானே, கொண்டுபோங்கோ என்றான்.

அன்று விடியச் சோமசேகரம் இரண்டு தரம் குளித்தார். தன் காரைச் சந்தியில் விட்டுவிட்டு ஜெயசுதனின் காரை எடுத்தார். அதன் ஸ்ரியறிங் விளையாட்டுச் சாமானைப் போல இலேசாக இருந்தது. இருக்கையில் அவருடைய உடம்பு பதிந்த பள்ளம் இல்லை. கியர் போடக் கையைக் கொண்டுபோனால் அந்த இடத்தில் அது இல்லை. உடுவிலில் கமலாவதியும் ஆரபியும் பின்னால் ஏறினார்கள். குழந்தை ஆரபியின் மடியில். கோபிசங்கர் பொங்கல் சாமான்களோடு மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். மானிப்பாய், சண்டிலிப்பாய் என்று சோமசேகரம் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். உள்கண்ணாடியைக் கொஞ்சம் சரித்து வைத்துக்கொண்டார். அதில் ஒரு சின்னக் காலுறை தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

கோபிசங்கரின் குடும்பத்து அம்மன் கோயில் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. பொங்கிப் படைத்து, குழந்தையை அம்மன் முன்னால் கிடத்தி எடுத்தார்கள். பூசை முடிய ஆண்கள் சிலர் புளியமரத்தடிக்குப் போனார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. சிகரெட் புகை வந்ததும் சோமசேகரத்தின் கால் தன்பாட்டில் அந்தப் பக்கம் நடந்தது. ஒருவர் பெட்டியைத் திறந்து நீட்டினார். வேண்டாம் என்றார். ஆனால் உடனே விலகி வரவும் முடியவில்லை. புகை வருகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, கோயில் கூரையைப் பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். கண் பனித்தது. பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி உதறி, தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். கமலாவதி கண்டாள். ஈரத் தலையைத் துடைக்கத் தன் சேலைத் தலைப்பைக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஆரபி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு முன்சீற்றில் ஏறினாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்து பயணம் செய்தது அன்றுதான். சண்டிலிப்பாய் கழிந்தது. பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காரை வித்துப்போடாதேங்கோ அப்பா, என்ன?"

"ஏன், உனக்கு அது மணக்குதெல்லோ?"

"எனக்கு அந்த மணம் பிடிக்கும். சந்தையிலை ஆரும் பத்திக்கொண்டு போனால் நீங்களோ எண்டு திரும்பிப் பாப்பன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "பிள்ளைக்கு அப்பிடி வரவேண்டாம்."

சோமசேகரம் கியரை மாற்றினார். மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. ஓம் என்று சொல்ல நினைத்தார். தொண்டைக்குள் இருமல் வந்து நின்றது. அதை அடக்கிக்கொண்டார்.

வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஆரபி தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிவிட்டாள். பின்னால் குழந்தையும் தூங்கியது. காருக்குள் பால் மணமும், ஈரத் துணி மணமும், கோயில் விபூதி மணமும் இருந்தன. சோமசேகரத்துக்கு நாக்கு வறண்டது. விரல்கள் ஸ்ரியறிங்கில் தாளம் போட்டன. இவர்களை இறக்கிவிட்டால், ஒழுங்கை திரும்பி, தோட்ட வெளியில் இறங்கி நின்று ஒன்று பற்றலாம். ஒன்றே ஒன்று. இன்னும் கொஞ்சத் தூரந்தான். உடம்பு முழுக்க அதற்காகத் துடித்தது.

உடுவிலுக்குத் திரும்புகிற சந்தி வந்தது. அவர் திரும்பவில்லை. நேரே போய், வெங்காயத் தோட்டங்களுக்குள்ளால் போகிற சுற்றுப் பாதையில் காரை விட்டார். பின்னாலிருந்து கமலாவதி வெளியே பார்த்தாள். பாதை தவறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் கையை மறைப்பாகப் பிடித்தாள். சோமசேகரம் இன்னும் மெதுவாக ஓட்டினார்.